மழை கொடுத்த லீவு: பாஸ் மீனும் வேலை நேரமும்

இன்னைக்கு எபிசோட் ஒரு மீனைப் பற்றி. பெயர் பாஸ். ஆபீஸ்ல நமக்கு மேல உட்கார்ந்திருக்கிற பாஸ் இல்ல, தண்ணிக்குள்ள இருக்கிற பாஸ். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. அமெரிக்காவுல கோடிக்கணக்கான பேர் வாரம் முழுக்க அந்த பாஸுக்கு வேலை பார்த்துட்டு, வாரக் கடைசியில இந்த பாஸைத் தேடிப் போறாங்க. இந்த இரண்டுக்கும் நடுவுல நடந்த இழுபறிதான் நம்ம கதை.

நான் டல்லாஸ் பக்கத்தில் மென்பொருள் வேலையில் இருக்கேன். பகல்ல இங்கத்திய டீம். ராத்திரி ஒன்பதரைக்கு சென்னை டீமோட கால், அங்க அப்போ காலை எட்டு. நடுவுல கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்து பார்க் குளத்தில் தூண்டில் போடுறது என் பழக்கம். "வேலைக்கு நடுவுல உனக்கு எப்படிப்பா நேரம் கிடைக்குது?" என்று நிறைய பேர் கேட்கிறாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள்ள போனேன். உள்ள போய்ப் பார்த்தா, இந்த விளையாட்டோட வரலாறு முழுக்கவே நேரம் கிடைக்காதவர்களோட வரலாறா இருக்கு.

உழ முடியாத நாள்

1932, ஜூன் 2. ஜார்ஜியா மாநிலத்தின் தென்பகுதி. உலகப் பொருளாதார மந்தத்தின் மோசமான வருடங்களில் ஒன்று. ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயிக்கு அப்போது இருபது வயசு வாக்கில்தான் இருக்கும். அப்பா இறந்துவிட்டார், குடும்பம் இவர் தோளில். முந்தைய நாட்களில் பெய்த மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது. உழ முடியாது. சரி, இன்னைக்கு மீன் பிடிக்கப் போகலாம் என்று நண்பரோடு மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். பெயர்தான் ஏரி. உண்மையில் அது ஓக்மல்கீ ஆறு திசை மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய வளைவு.

அங்கே அவர் தூண்டிலில் சிக்கிய லார்ஜ்மவுத் பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம்ம கணக்கில் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஹெலினா என்ற சின்ன ஊர்க் கடையில் அதை எடை போட்டார்கள். ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்கு அந்த விவரத்தை அனுப்பி, 75 டாலர் மதிப்புள்ள பொருட்களைப் பரிசாகப் பெற்றார். மீன் என்ன ஆச்சு? வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்! உலக சாதனையைக் குழம்பு வைத்த குடும்பம். இன்றுவரை அந்த எடையை யாராலும் தெளிவாகத் தாண்ட முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் மீனோட எடையைத்தான் சொல்வாங்க. நான் கவனிச்சது வேற. அது ஒரு வியாழக்கிழமை. வார நாள்ல பெர்ரி ஏன் ஏரியில் இருந்தார்? யாரும் அவருக்கு லீவு கொடுக்கல. மழை கொடுத்தது. நிலம் காய்ஞ்சிருந்தா அந்த மீன் தண்ணியிலேயே இருந்திருக்கும்.

கடிகாரக்காரர்கள் செய்த ரீல்

முதல்ல இந்த மீன் யாருன்னு பார்த்துடுவோம். லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்று இரண்டு பெரிய வகைகள். இரண்டையும் சேர்த்து பிளாக் பாஸ் என்பார்கள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் இவற்றின் சொந்த ஊர். நம்ம ஊர் விரால் மீனை நினைச்சுக்கோங்க. உறவு ஒண்ணும் கிடையாது, ஆனா லார்ஜ்மவுத்தோட குணம் கிட்டத்தட்ட அதேதான். குட்டை, குளம், பாசி, கலங்கல் தண்ணி எதுவும் அதுக்கு ஓகே. மறைஞ்சிருந்து பாய்ஞ்சு வேட்டையாடும். ஆண் மீன் வாலால் தரையைக் கூட்டிக் கூடு கட்டி, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும்.

இதுக்கு நேர் எதிர் டிரவுட் மீன். அதுக்குக் குளிர்ந்த, தெளிந்த, ஓடுற தண்ணி வேணும். அதாவது பெரும்பாலும் மலை. அதாவது ரயில் டிக்கெட், தங்கும் விடுதி, பல நாள் லீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீன்பிடிப்பை ஒரு கலையாகப் பேசிய கனவான்கள் டிரவுட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பாஸ், பக்கத்துக் குட்டையில் கிடக்கிற சாதாரண மீன்.

அந்தச் சாதாரண மீனுக்காகக் கருவி செய்தவர் யார்? கென்டக்கி மாநிலம், பாரிஸ் என்ற ஊர். அங்கே ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி இருந்தார். 1800-களின் தொடக்கத்தில் அவர் ஒரு ரீல் செய்தார். (இன்ஸ்டாகிராம் ரீல் இல்லைங்க, தூண்டில் நூலைச் சுற்றுகிற ரீல்.) கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் உருளை பல சுற்று சுற்றும்படி உள்ளே பல்சக்கரங்களை வைத்தார். கடிகாரத்துக்குள் இருக்கிற அதே நுட்பம். அவருக்குப் பின்னால் அதே மாநிலத்தில் மீக், மைலம் போன்றவர்கள் இந்த ரீலை இன்னும் மெருகேற்றினார்கள். மீக் சகோதரர்களும் கடிகாரத் தொழில் தெரிந்தவர்கள்தான்.

பாஸுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் ஒரு மருத்துவர். டாக்டர் ஜேம்ஸ் ஹென்ஷல், 1881-ல் பிளாக் பாஸுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். டிரவுட்டுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை என்பதுதான் அவர் வாதம். பிற்பாடு மருத்துவத்தை விட்டுவிட்டு, அரசாங்க மீன் குஞ்சு பொரிப்பகம் ஒன்றின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இந்த மீனுக்காகத் தொழிலையே மாற்றிக்கொண்டவர்கள் வரிசையில் அவர் முன்னோடி. கடைசி ஆளும் அவர் இல்லை.

வீட்டுப் பக்கத்துக்கு வந்த ஏரி

இந்த மீன் எப்படி எல்லா ஊருக்கும் போச்சு? ஒரு பங்கு ரயிலுக்குச் சேரும். 1850-களில் மேரிலாந்தின் பொடோமாக் ஆற்றுப் பக்கம் பாஸ் கிடையாது. வில்லியம் ஷ்ரைவர் என்பவர் ஓஹையோ ஆற்றுப் பக்கத்திலிருந்து மீன்களை எடுத்துவந்தார். எதில் தெரியுமா? நீராவி ரயில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள், துளை போட்ட வாளியில் வைத்து. ரயிலுக்கான தண்ணீரில் மீன் பயணம் செய்தது. சில வருடங்களில் பொடோமாக் முழுக்கப் பரவிவிட்டது.

பெரிய திருப்பம் அணைகளால் வந்தது. 1933-ல் ரூஸ்வெல்ட் அரசு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை, சுருக்கமாக டி.வி.ஏ-வை, உருவாக்கியது. வெள்ளத்தைத் தடுக்கணும், மின்சாரம் தயாரிக்கணும், வேலை கொடுக்கணும். இதுதான் நோக்கம். அவர்கள் கட்டிய முதல் அணை நாரிஸ். 1936-ல் முடிந்தது. ஆறு ஏரியானது. ஓடுகிற தண்ணீர் நின்ற தண்ணீரானது. நின்ற தண்ணீர் யாருக்குப் பிடிக்கும்? நம்ம லார்ஜ்மவுத்துக்கு. அடுத்த முப்பது வருடங்களில் தெற்கு மாநிலங்கள் முழுக்க இப்படி நீர்த்தேக்கங்கள் வந்தன. டெக்சஸில் நாங்க இப்போ "ஏரி" என்று சொல்றதில் பெரும்பாலானவை இந்த மாதிரி மனுஷன் கட்டினதுதான்.

இதோட விலையையும் சொல்லணும். நாரிஸ் அணைக்காக 2,800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டன. அணை கட்டும் தொழிலாளர்களுக்காக நாரிஸ் என்ற அழகான மாதிரி ஊரைக் கட்டினார்கள். அந்த ஊரில் கறுப்பின மக்களுக்கு வீடு தரவில்லை. இன்று ஒருவர் படகு ஓட்டி மகிழ்கிற தண்ணீருக்கு அடியில் இன்னொருவரின் வயலும் வீட்டு வாசலும் இருக்கிறது. மேட்டூர் கதை தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் அலபாமாவின் ஆபர்னில் ஹோமர் ஸ்விங்கிள் என்ற ஆராய்ச்சியாளர் பண்ணைக் குட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு குட்டையில் பாஸும், அதுக்கு இரையாகிற புளூகில் மீனும் எந்த விகிதத்தில் இருந்தால் இரண்டும் தழைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். குட்டை இருக்கிற எந்த விவசாயியும் சொந்தமாக பாஸ் வளர்க்கலாம் என்றானது.

சனிக்கிழமை எங்கிருந்து வந்தது?

ஏரி பக்கத்தில் வந்துடுச்சு. மீனும் இருக்கு. போக நாள் வேணுமே! இங்கதான் கதையோட உண்மையான மையம் இருக்கிறதா நான் நினைக்கிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் லீவு என்பது ஏதோ இயற்கை விதி மாதிரி நமக்குத் தோணுது. அது இயற்கை விதி இல்லை. எட்டு மணி நேர வேலைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1886-ல் சிகாகோவில் உயிரும் கொடுத்தார்கள். 1926-ல் ஃபோர்டு நிறுவனம் தன் தொழிற்சாலைகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்று அறிவித்தது. ஓய்வு நேரம் இருப்பவன்தான் கார் வாங்குவான் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது. 1938-ல் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம் வந்தது. முதலில் வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வரம்பு வைத்து, 1940-க்குள் அதை 40-க்குக் குறைத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. முதலாளிக்குக் கை சுடும்படி செய்ததால்தான் சனிக்கிழமை பிறந்தது.

ஆனா அந்தச் சட்டம் எல்லாரையும் சேர்த்துக்கல. வயல் வேலை செய்பவர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்திவிட்டது. தெற்கில் இந்த இரண்டு வேலைகளிலும் கறுப்பின மக்கள் பெருமளவில் இருந்தார்கள். அவர்கள் வெளியே நின்றது தற்செயல் இல்லை என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பெர்ரி மாதிரியான விவசாயிகளுக்கும் அந்த 40 மணி நேரம் சொந்தம் இல்லை. அவர்களுக்கு லீவு கொடுக்க மழைதான் வரணும்.

இன்னொரு கூட்டமும் வெளியே நின்றது. நிர்வாகிகள், உயர் தொழில் செய்பவர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம், ஓவர்டைம் கிடையாது. 1990-ல் அமெரிக்க காங்கிரஸ் அந்தப் பட்டியலில் இன்னொரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. யாரை? கம்ப்யூட்டர் புரோகிராமர்களையும் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்களையும்! குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல வாங்கினா, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் உட்கார்ந்தாலும் மத்திய சட்டப்படி ஓவர்டைம் கிடையாது.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சு. 1932-ன் விவசாயியும் ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற நானும் சட்டத்தோட ஒரே பக்கம், வெளிப் பக்கம், நிற்கிறோம். சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கு. அதை நான் மறைக்கல. ஆனா "இத்தோட இன்னைக்கு வேலை முடிஞ்சது" என்று சொல்ற கோடு ரெண்டு பேருக்குமே யாரும் போட்டுத் தரல.

மிச்சம் பிடித்த நிமிடங்கள்

சட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு சனி, ஞாயிறு கிடைத்தது. கிடைத்த இரண்டு நாளில் எவ்வளவு மீன் பிடிக்க முடியும் என்ற கேள்வி வந்தது. பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் சொந்தக் கையால் ஏதாவது குடைந்துகொண்டிருந்த ஆட்கள்.

1934-ல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல்-ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அதில் விசிறி மாட்டி, சத்தமில்லாமல் படகை நகர்த்தும் மோட்டார் செய்தார். மின் கோட்டா என்ற நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. துடுப்பு போடுகிற நேரம் மிச்சம்.

1949-ல் டயர் தொழிலுக்குப் பேர்போன ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்ற மெஷினிஸ்டும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டிலேயே பிளாஸ்டிக்கைக் காய்ச்சி வார்த்து மண்புழு செய்தார்கள். நிஜப் புழு மாதிரியே நெளியும், வளையும். மண்ணைத் தோண்டிப் புழு தேடுகிற நேரம் மிச்சம்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓக்லஹோமாவின் டல்சாவில் ஜீரோ ஹவர் பாம் கம்பெனி என்று ஒரு நிறுவனம். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களுக்கு நேரம் வைத்து வெடிக்கும் குண்டு செய்வதுதான் அவர்கள் தொழில். அந்தத் தொழில் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில், டெக்சஸிலிருந்து ஆர்.டி. ஹல் என்பவர் ஒரு ரீல் மாதிரியோடு வந்தார். கடைக்காரர் நிற்கிற உருளையிலிருந்து பொட்டலம் கட்டும் நூலைச் சிக்கலில்லாமல் உருவி எடுப்பதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். பழைய ரீலில் நூல் சிக்கிக்கொள்ளும். விரலால் அடக்கக் கற்றுக்கொள்ளவே பல நாள் ஆகும். ஹல்லின் ரீலில் ஒரு பட்டனை அழுத்தி வீசினால் போதும், குழந்தைகூட வீசலாம். குண்டு கம்பெனி ரீல் கம்பெனி ஆனது. நீளப் பெயரைச் சுருக்கி ஜெப்கோ என்று வைத்துக்கொண்டார்கள். இந்த ஹல் என்ன தொழில் செய்தவர் தெரியுமா? கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்! ஸ்னைடருக்கு நூற்றைம்பது வருடம் போல தள்ளி, மறுபடியும் ஒரு கடிகாரக்காரர்.

1950-களின் இறுதியில் கார்ல் லோரன்ஸும் அவர் மகன்களும் போரில் நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்பட்ட சோனார் நுட்பத்தை ஒரு சின்னப் பச்சைப் பெட்டிக்குள் அடக்கி, சாதாரண மீன்பிடிப்பவர் கையில் கொடுத்தார்கள். மீன் எங்கே என்று தேடுகிற நேரமும் மிச்சம்.

எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் வந்தது. மிச்சமான நேரம் எங்கே போச்சு?

இன்ஷூரன்ஸ் ஏஜென்டின் மழை நாள்

1967, மார்ச். அலபாமாவைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் ரே ஸ்காட், வேலை விஷயமாக மிசிசிப்பி போன இடத்தில் மீன் பிடிக்கப் போனார். புயல் மழை அவரை ஓட்டல் அறைக்குத் துரத்திவிட்டது. டிவியில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே யோசித்தார்: பந்துக்குப் போட்டி இருக்கு, கால்ஃபுக்குப் போட்டி இருக்கு, பாஸுக்கு ஏன் நாடு முழுக்க ஒரு போட்டி இருக்கக் கூடாது?

அதே ஜூன் மாதம் ஆர்கன்சாஸின் பீவர் ஏரியில் முதல் போட்டி நடந்தது. ஆளுக்கு 100 டாலர் கட்டி 106 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் பாஸ் மீன்பிடிப்பவர்கள் சங்கத்தைத் தொடங்கினார். 1971-ல் முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி. போட்டியாளர்கள் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எந்த ஏரிக்குப் போகிறோம் என்பதையே சொன்னார். லேக் மீட். பாபி முர்ரே ஜெயித்து 10,000 டாலர் வாங்கினார்.

விமர்சனமும் வந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு மீனைக் கொன்றால் ஏரி என்ன ஆகும்? 1972-ல் ஸ்காட், பிடித்த மீனைக் கொல்லாதீர்கள் என்று இயக்கம் தொடங்கினார். டிரவுட் பிடிப்பவர்கள் மீனைத் திரும்ப விடுவதைப் பார்த்து எடுத்துக்கொண்ட யோசனை அது. படகுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி வைத்து, உயிரோடு எடை போட்டு, திரும்ப ஏரியில் விடுவது வழக்கமானது. பெர்ரி சாப்பிட்ட மீனை, அவர் பேரன் வயதுக்காரர்கள் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்கள்.

ஆனால் போட்டியோடு கூடவே இன்னொரு விஷயமும் ஏரிக்குள் வந்தது. கடிகாரம். இந்தப் போட்டிகளில் குறித்த நேரத்துக்குக் கரைக்கு வரவில்லை என்றால், ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் உங்கள் மொத்த மீன் எடையிலிருந்து ஒரு பவுண்டு கழிப்பார்கள். நிமிடக் கணக்கு! மிச்சமான நேரம் இங்கே போச்சு. ஆபீஸ்ல எதிலிருந்து தப்பிச்சு ஏரிக்கு வந்தாங்களோ, அது லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு முன்னாடியே படகுல உட்கார்ந்திருந்தது.

வேலையை விட்ட புரோகிராமர்

ரிக் கிளன். இந்தப் பெயர் நம்ம கேட்பவர்களில் பலருக்குப் புதுசா இருக்கலாம். ஹூஸ்டனில் எக்ஸான் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமர். 1974-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேர பாஸ் மீன்பிடிப்பவர் ஆனார். 1976-ல் கிளாசிக் ஜெயித்தார். 1977-லும் ஜெயித்தார். அப்புறம் 1984, 1990. 2019-ல், 72-வது வயதில், ஃபுளோரிடாவில் ஒரு பெரிய போட்டியை ஜெயித்தார். நம்ம துறையில் இந்தக் கதைக்கு என்ன மவுசு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "பேசாம ரிசைன் பண்ணிட்டுப் பிடிச்சதைப் பண்ணு" கோஷ்டிக்கு அவர்தான் குலதெய்வம்.

நான் அவரை மதிக்கிறேன். ஆனா இந்தக் கதை "வேலையையும் மீன்பிடிப்பையும் எப்படிச் சமாளிக்கிறது" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அவர் சமாளிக்கல, வேலையை மாத்தினார். மீன்பிடிப்பு அவருக்கு வேலை ஆச்சு. அதுக்கும் ஸ்பான்சர் உண்டு, டெட்லைன் உண்டு, வாடகை கட்ட வேண்டிய மாதக் கடைசி உண்டு. பிடிச்சதையே தொழிலாக்கினால் தொழில் ஒண்ணு கிடைக்கும். பொழுதுபோக்கு ஒண்ணு குறையும். கிளன் மாதிரி ஒருத்தர் ஜெயித்த ஒவ்வொரு முறையும் பரிசே வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினவங்க படகுக் கடனைக் கட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க. இன்னைக்கு உயர்ரக பாஸ் படகு ஒண்ணு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும்.

பிவா ஏரியின் அவுன்ஸ் கணக்கு

பெர்ரியின் சாதனையைத் தொட்டவர் அமெரிக்கர் இல்லை. 2009, ஜூலை 2. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த பாஸின் எடை 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பெர்ரியின் மீனை விட ஒரு அவுன்ஸுக்கும் குறைவான வித்தியாசம். புதிய சாதனை என்று ஏற்க இரண்டு அவுன்ஸ் அதிகம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதனால் இருவருக்கும் சம இடம் கொடுத்தார்கள். 77 வருடம் கழித்து, உலகத்தின் இன்னொரு மூலையில், டை!

ஜப்பானுக்கு பாஸ் எப்படிப் போனது? 1925-ல் டெட்சுமா அகபோஷி என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். பிற்பாடு அது நாடு முழுக்கப் பரவி, உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2005-ல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி லார்ஜ்மவுத் அங்கே கட்டுப்படுத்த வேண்டிய அந்நிய இனம். பிவா ஏரி இருக்கிற ஷிகா மாகாணத்தில் 2003 முதலே, பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்று விதி. அலபாமாவில் மீனை விட்டால் நல்லவர், ஷிகாவில் விட்டால் விதியை மீறியவர். ஒருத்தரோட வாரக் கடைசி சந்தோஷத்துக்கான செலவை வேற யாரோ கட்டுறாங்க. நாரிஸில் விவசாயக் குடும்பங்கள் கட்டின மாதிரி, இங்கே ஏரியின் சொந்த மீன்கள். எங்க பார்க் குளத்தில் நான் தைரியமா மீனைத் திரும்ப விடுறேன்னா, காரணம் அது அங்கத்திய மீன் என்பதுதான்.

கோடு போடுவது யார்?

சரி, என்னை எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். நேரம் எப்படிக் கிடைக்குது?

ஒரு பாதி பதிலை மீனே கொடுக்குது. வெயில் காலத்தில் பாஸ் பெரும்பாலும் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான் நல்லா இரை எடுக்கும். நடுப்பகல்ல ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கிடும். அதாவது ஆபீஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், ஆபீஸுக்குப் பின்னாடி ஒரு மணி நேரம். வேலைக்குப் போறவங்களுக்கு இதைவிட ஒத்துப்போற மீன் கிடைக்கிறது கஷ்டம். படகு வேண்டாம், சோனார் வேண்டாம். ஒரு கோல், ஒரு சாதா ரீல், க்ரீம் தம்பதி வழிவந்த பிளாஸ்டிக் புழு ஒரு பாக்கெட், மாநில மீன்பிடி லைசென்ஸ். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குளம் இருந்தா முடிஞ்சது.

மறுபாதி பதில் மீனிடம் இல்லை. இருநூறு வருடமா கடிகாரக்காரர்களும் மெஷினிஸ்ட்களும் நமக்கு நிமிடங்களை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்காங்க. ஆனா ஒரு முழு நாளை எந்தக் கருவியும் கொடுத்ததில்லை. முழு நாளைக் கொடுத்தது இரண்டே இரண்டுதான். ஒண்ணு மழை. இன்னொண்ணு, பலபேர் சேர்ந்து கேட்டு வாங்கின விதி. மழை நம்ம கையில் இல்லை. அதுவும் லேப்டாப் வந்த பிறகு மழைக்கும் லீவு கொடுக்கிற சக்தி போயிடுச்சு. வெளியே புயலே அடிச்சாலும் வீட்டிலிருந்தே லாகின் பண்ணிடலாம்.

மிச்சம் இருக்கிறது விதி. பிரான்ஸில் 2017 முதல், பெரிய நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே மெயில், போன் பார்க்காமல் இருக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித்தான் ஆகணும். நம்ம டீம்கள்ல அவ்வளவு பெரிசா ஒண்ணும் தேவைப்படாம இருக்கலாம். எங்க டீம்ல நாங்க ஒரு சின்ன ஏற்பாடு பண்ணினோம். ஆன்-கால் முறை யாருக்குன்னு ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுதி ஒட்டிடுவோம். முறை இல்லாதவரை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை யாரும் கூப்பிடக் கூடாது. ஒருத்தர் அந்த நேரத்தில் குழந்தையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போறார். சென்னையில் ஒரு தங்கச்சி, அவங்க ஊர் சாயங்கால நேரப்படி, வீணை கத்துக்கப் போறா. நான் குளத்துக்குப் போறேன். தனியா நான் மட்டும் போனை அணைச்சுட்டுப் போயிருந்தா, அது ஒழுங்கீனம். எல்லாரும் சேர்ந்து எழுதி வெச்சதால அது விதி.

ஆக, உங்களுக்கு மீன் பிடிக்கலைன்னாலும் பரவாயில்லை. ஷட்டில், சித்திரம், சும்மா மொட்டை மாடியில் உட்கார்றது, எதுவா வேணா இருக்கட்டும். அதுக்கான புது சாமானை ஆன்லைன்ல தேடுறதுக்கு முன்னாடி, பக்கத்து சீட்டுல இருக்கிறவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "உங்களுக்கு எந்த ரெண்டு மணி நேரம் வேணும்?" பெரும்பாலும் அவரும் யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் காத்துட்டு இருப்பார்.

இந்த எபிசோட் பற்றி உங்க கருத்தை எழுதுங்க. அடுத்த வாரம் வேற ஒரு கதையோட சந்திப்போம். இப்போ மணி ஆறு ஆகப் போகுது. நான் கிளம்பறேன்.